தானா ராத்தா குளிரில் கிளாரினெட்: புது மாடல் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

கிளாரினெட் வாசிக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே போகும் என்று சொல்லிவிடலாம். எந்த ரீட் நல்லா இருக்கு, எந்த மவுத்பீஸ் மாத்தினே, அந்தக் கம்பெனி புதுசா விட்டிருக்கிற மாடலைப் பார்த்தியா? தயாரிப்பாளர் ஒரு புதிய இணையதளம் திறந்துவிட்டால் போதும், பளபளக்கும் படங்களும் எண்களும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும்.

இந்தப் பேச்சு பெரிய நகரத்து ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு மட்டும் சொந்தமானது இல்லை. மலேசியப் பள்ளிகளில் 'பஞ்சராகம்' என்று அழைக்கப்படும் இசைக்குழுக்களில் கிளாரினெட் கட்டாயம் இருக்கும். ஆனால் பள்ளிக் கருவி பள்ளிக்குத்தான் சொந்தம். ஐந்தாம் படிவம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தொடர்ந்து வாசிக்கணும்னா சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். பலருடைய வாசிப்பு நின்றுபோவதும் இந்தக் கட்டத்தில்தான்.

தேயிலைத் தோட்டத்திலோ காய்கறித் தோட்டத்திலோ வேலை செய்யும் ஒரு குடும்பத்துக்கு அது சின்னச் செலவு இல்லை. தவறான கருவியில் பணத்தைப் போட்டால் இரண்டாவது வாய்ப்பு கிடைப்பது கஷ்டம். அதுவும் தானா ராத்தா மாதிரி குளிரான, ஈரமான மலை ஊரில் இருந்தால், கோலாலம்பூர்க்காரருக்குச் சொல்லும் அதே ஆலோசனை உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஏன் என்று பார்ப்போம்.

விளம்பரத்தில் இருக்கும் எண்களுக்கு என்ன அர்த்தம்?

எந்தத் தயாரிப்பாளரின் பக்கத்தைத் திறந்தாலும் இந்த ஐந்து விவரங்கள் இருக்கும். மற்றதெல்லாம் அலங்கார வார்த்தை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, சுருதி வகை. 'பி ஃபிளாட்' என்று போட்டிருந்தால், நீங்கள் 'சி' என்று விரல் வைக்கும்போது உண்மையில் ஒலிப்பது பி ஃபிளாட். பஞ்சராகத்தில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். 'ஏ', 'ஈ ஃபிளாட்' வகைகளும் விற்கப்படுகின்றன. முதல் கருவியாக அவற்றை வாங்க வேண்டாம்.

இரண்டாவது, சாவி அமைப்பு. '17 சாவி, 6 வளையம், போம் முறை' என்பது இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் பிரெஞ்சு அமைப்பு. கிளாரினெட்டை ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் உருவாக்கியதாகச் சொல்வார்கள். அன்று அதில் இருந்தது இரண்டே சாவி. ஹயசிந்த் குளோசே என்ற வாசிப்பாளரும் லூயி ஆகுஸ்த் புஃபே என்ற தயாரிப்பாளரும் சேர்ந்து வடிவமைத்து, 1844-ல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்று உங்கள் கையில் இருப்பது. புல்லாங்குழலுக்காக தியோபால்ட் போம் கண்டுபிடித்த வளையச் சாவி யோசனையைக் கடன் வாங்கியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது, உள் விட்டம். பெரும்பாலான கிளாரினெட்டுகளில் இது 14.6 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். உங்கள் தேர்வை இந்த எண் முடிவு செய்ய வேண்டியதில்லை.

நான்காவது, அடிப்படைச் சுருதி. '440' அல்லது '442' ஹெர்ட்ஸ். மேற்கத்திய 'ஏ' ஸ்வரம் வினாடிக்கு எத்தனை முறை அதிர வேண்டும் என்பதற்கான கணக்கு இது. இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 8 சென்ட். ஒரு அரை ஸ்வர இடைவெளியை 100 பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு சென்ட்.

ஐந்தாவது, பேரல் நீளம். மவுத்பீஸுக்குக் கீழே இருக்கும் குட்டி உருளை அது. 64, 65, 66 மில்லிமீட்டர் என்று தனியாகவும் விற்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகுது என்று தோன்றும். மலையில் இருப்பவருக்கு அது முக்கியம்.

மலை மேலே சுருதி ஏன் இறங்குது?

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 'உயரம் கூடினா காற்று மெலிசாகும், அதனாலதான் சுருதி மாறுது' என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. காற்றழுத்தம் குறைந்தாலும் ஒலியின் வேகம் கிட்டத்தட்ட மாறாது. வெப்பநிலை மாறினால்தான் மாறும்.

30 டிகிரி செல்சியஸில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். 18 டிகிரியில் சுமார் 342 மீட்டர்தான். குழாயின் நீளம் அதேதான், ஆனால் உள்ளே ஓடும் ஒலியின் வேகம் குறைகிறது. அதனால் ஸ்வரம் கீழே இறங்குகிறது. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3 சென்ட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 12 டிகிரி வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 35 சென்ட். அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

நடைமுறையில் அவ்வளவு முழுசாக இறங்காது. உங்கள் மூச்சு சூடானது, வாசிக்க வாசிக்கக் குழாய்க்குள் காற்று சூடாகிவிடும். ஆனால் மார்கழி விடியற்காலையில் கோயில் மண்டபத்தில், பெட்டியிலிருந்து எடுத்த உடனே எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கள். சுருதிப் பெட்டி குளிரில் இறங்காது, நீங்கள்தான் இறங்கியிருப்பீர்கள்.

சுருதி ஏறிவிட்டால் பேரலைக் கொஞ்சம் வெளியே இழுத்துக் குறைக்கலாம். இறங்கிவிட்டால்? ஏற்கெனவே முழுசாக உள்ளே தள்ளியிருக்கும் பேரலை அதற்கு மேல் தள்ள முடியாது. அதனால்தான் குளிர் ஊரில் இருப்பவர் கொஞ்சம் நீளம் குறைந்த பேரல் ஒன்றைக் கூடவே வைத்திருப்பது புத்திசாலித்தனம். புது மாடலுக்குப் போவதைவிட இது எவ்வளவோ மலிவு.

மரமா, பிளாஸ்டிக்கா?

கிளாரினெட்காரர்கள் பேச்சில் அதிகம் சூடு பறக்கும் இடம் இதுதான்.

நல்ல மரக் கிளாரினெட்டுகள் கிரெனடில்லா என்ற ஆப்பிரிக்கக் கறுப்பு மரத்தில் செய்யப்படுகின்றன. பார்வைக்கு நம்ம கருங்காலி மாதிரி இருக்கும், ஆனால் தாவர இனப்படி அது ஈட்டி மரத்துக்குச் சொந்தம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனம். ஆரம்ப நிலை மாடல்கள் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வரும். யமாஹாவின் மாணவர் வகைகள் இதற்கு நல்ல உதாரணம்.

மரம் ஏன் விரிசல் விடுகிறது? சில்லென்றிருக்கும் கருவியை எடுத்து ஊதுகிறீர்கள். 37 டிகிரியை நெருங்கும் ஈரமான மூச்சு உள்ளே போகிறது. உள் பக்கம் சூடாகி, ஈரத்தை உறிஞ்சி விரியும். வெளிப்பக்கம் இன்னும் குளிரில் சுருங்கியே இருக்கும். உள்ளே இருப்பது தள்ள, வெளியே இருப்பது தாங்க முடியாமல் பிளக்கும். புதுக் கருவிக்கு இந்த ஆபத்து அதிகம். அதனால்தான் மரக் கருவி வாங்கினால் முதல் சில வாரங்களுக்கு ஒரு நாளைக்கு 15, 20 நிமிடத்துக்கு மேல் வாசிக்காதே என்று சொல்வார்கள்.

இந்தப் பிரச்சினைக்குத் தயாரிப்பாளர்கள் கண்டுபிடித்த ஒரு வழி, மரத்தைத் தூளாக்கித் திரும்பச் சேர்ப்பது. பாரிஸில் 1825-ல் தொடங்கிய புஃபே கிராம்போன் நிறுவனம் 1990-களில் 'கிரீன்லைன்' என்ற வகையைக் கொண்டுவந்தது. கிரெனடில்லா மரத்தூளோடு கார்பன் இழையைக் கலந்து அழுத்திச் செய்தது. மரம் போலவே கனம், ஆனால் மரத்துக்குரிய இழையோட்டம் கிடையாது, அதனால் அந்த மாதிரி விரிசல் விடாது. இதே நிறுவனம் 1955-ல் வெளியிட்ட 'ஆர்13' மாடல் தொழில்முறைக் கலைஞர்களிடையே இன்றைக்கும் புழங்குகிறது. அதுவே கிரீன்லைனிலும் கிடைக்கிறது.

அப்படின்னா சத்தம் மாறாதா? 1964-ல் ஜான் பேக்கஸ் என்ற இயற்பியலாளர் இதை ஆய்வகத்தில் அளந்து பார்த்தார். கிளாரினெட்டின் சுவர் அதிர்ந்து வெளியிடும் ஒலி, உள்ளே இருக்கும் காற்றுத் தூண் தரும் ஒலியோடு ஒப்பிட்டால் கணக்கில் சேராத அளவு என்றார். சத்தத்தைத் தீர்மானிப்பது உள்வடிவம், துளைகளின் செதுக்கல், மவுத்பீஸ், ரீட், அப்புறம் உங்கள் உதடு. விலை கூடிய மரக் கருவி நல்லா ஒலிப்பதற்குப் பெரிய காரணம், அதை அவ்வளவு கவனமாகச் செதுக்கியிருப்பதுதான். வாசிப்பவர்கள் எல்லாரும் இதை ஒத்துக்கொள்வதில்லை, கையில் பிடிக்கும் உணர்வே வேற என்பார்கள். அந்த உணர்வையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் முதல் கருவி வாங்கும் நீங்கள் அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

அந்த மரத்துக்கு அனுமதி வேணுமா?

கிரெனடில்லா தான்சானியா, மொசாம்பிக் போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே சுவாஹிலியில் அதற்கு 'ம்பிங்கோ' என்று பெயர். கருவி செய்யும் பருமனுக்கு வளர 70 ஆண்டுக்கு மேல் ஆகும் மரம். ஈட்டி வகை மரங்கள் அளவுக்கு மீறி வெட்டப்பட்டதால், 2017 ஜனவரியில் அந்த இனம் முழுவதும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வந்தது. கிளாரினெட்டை எல்லை தாண்டி விற்கக்கூடப் பத்திரம் தேவைப்பட்டது. இசைக் கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, 2019 நவம்பரிலிருந்து முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பழைய இணையப் பக்கங்களில் 2017 விதியைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

நம்ம இசைக்குள்ள இது எப்படி வந்தது?

வெள்ளைக்காரர்களின் ராணுவ பேண்டோடு வந்த கருவி இது. தஞ்சாவூர் அரண்மனையிலும் 19-ஆம் நூற்றாண்டில் மேற்கத்திய பேண்டு இருந்தது. அங்கிருந்து சதிர் ஆட்டத்தின் பக்கவாத்தியமாக, சின்ன மேளத்தில் முகவீணை இருந்த இடத்துக்குக் கிளாரினெட் வந்தது.

ஆட்டத்துக்குப் பின்னால் நின்ற அந்தக் கருவியைத் தனிக் கச்சேரி மேடைக்கு நடுவில் கொண்டுவந்தவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் திருச்சியில் 1931-ல் பிறந்த ஏ.கே.சி. நடராஜன். நாதஸ்வரமும் கற்றவர். நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை அவரை 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பாராட்டியது அப்படியே பட்டமாகிவிட்டது. 2008-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும், 2022-ல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

அவருடைய வழியில் கிளாரினெட்டைக் கர்நாடக இசைக்கு எடுத்தவர்கள் இன்றைக்கும் குறைவுதான். பஞ்சராகத்தில் விரல் பழகிய மலேசியத் தமிழ் இளைஞர் ஒருவரிடம் அந்த வழிக்குத் தேவையானதில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. மீதிப் பாதிக்குப் பாட்டு வகுப்பும், பொருத்தமான கருவியும் வேண்டும்.

ராகம் வாசிக்கணும்னா எதைப் பார்த்து வாங்கணும்?

மூன்று விஷயம்.

ஒன்று, துளைகள் திறந்திருக்க வேண்டும். வளையச் சாவி உள்ள கருவியில் துளையை நேரடியாக விரல் மூடும். விரலை மெதுவாக நகர்த்தினால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகலாம். கமகத்துக்கு அது தேவை. சில மாடல்களில் சின்னப் பிள்ளைகளுக்காகத் துளை முழுவதையும் தட்டுச் சாவி மூடியிருக்கும். பஞ்சராகத்துக்குப் பரவாயில்லை, தோடி வாசிக்க முடியாது.

இரண்டு, மேல் ஸ்தாயி விரல் வைப்பு. நாதஸ்வரம் கீழே போகப் போக விரியும் கூம்பு வடிவக் குழாய். அழுத்தி ஊதினால் அதே விரலுக்கு மேல் ஸ்தாயி வரும். கிளாரினெட் பெரும்பகுதி நேரான உருளை, ஒரு முனை மூடியது போல இயங்கும். 'ச' விரலைப் பிடித்துக்கொண்டு பின்பக்கப் பெருவிரல் சாவியை அழுத்தினால் மேல் 'ச' வராது, மேல் 'ப' வரும். அதனால் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் விரல் தனியாகப் பழக வேண்டும். நாதஸ்வரம் பழகியவர் கிளாரினெட் எடுத்ததும் திணறுவது இங்கேதான். இது கருவியின் குறை இல்லை, எந்தக் கம்பெனியின் புது மாடலும் இதை மாற்றாது.

மூன்று, கட்டை. 1 கட்டை என்பது சி, 5 கட்டை என்பது ஜி, 6½ கட்டை என்பது பி ஃபிளாட். பி ஃபிளாட் கருவியில் சி விரல் வைத்தால் 6½ கட்டை கிடைக்கும். கூடப் பாடுபவர் 5 கட்டையில் பாடினால் உங்கள் 'ச' ஏ விரலில் தொடங்கும். 1 கட்டை என்றால் டி விரல். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி உங்கள் கருவிப் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள்.

ரீட், மவுத்பீஸ்: முதல் செலவு எங்கே?

பழைய கருவியும் நல்ல மவுத்பீஸும் சேர்ந்தால், புதுக் கருவியும் மட்டமான மவுத்பீஸும் சேர்ந்ததைவிட நல்லா ஒலிக்கும். மாணவர் மாடலோடு இலவசமாக வரும் மவுத்பீஸை மாற்றுவதுதான் பெரும்பாலான ஆசிரியர்கள் சொல்லும் முதல் மேம்பாடு. 1905-ல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனமான வாண்டோரன் இதில் பரவலான பெயர்.

கிளாரினெட் ரீட் ஒற்றை நாக்கு. மத்தியதரைக் கடல் பகுதியில் வளரும் ஒருவகைப் பெரிய நாணலில் சீவியது. நாதஸ்வரச் சீவாளி இரட்டை நாக்கு. அடிப்படை யோசனை ஒன்றுதான்: நாணல் துடித்தால் குழாய் பாடும். ரீட் பெட்டியில் 2, 2½, 3 என்று எண் இருக்கும். எண் கூடினால் கெட்டி. தொடங்குபவர் 2 அல்லது 2½. பெரிய எண் வாங்கினால் பெரிய வித்துவான் ஆகிவிட முடியாது, தாடைதான் வலிக்கும்.

நாணல் ரீட் ஈரத்துக்கும் குளிருக்கும் ஏற்ப நெளியும், பூஞ்சை பிடிக்கும். இதற்கு மாற்றாகக் கனடாவின் லெஜேர் போன்ற நிறுவனங்கள் செயற்கை ரீட் விற்கின்றன. ஒன்றின் விலையில் நாணல் ரீட் ஒரு பெட்டியே வாங்கலாம், ஆனால் பல மாதம் வரும், எச்சில் ஊற வைக்கும் வேலையும் இல்லை. காலைக் குளிரில் உடனே வாசிக்க வேண்டியவர்களுக்கு ஒன்று கைவசம் இருந்தால் நல்லது.

இணையத்தில் வாங்கினால் வரி எவ்வளவு?

2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வாங்கும் 500 ரிங்கிட் வரையிலான பொருள்களுக்கு மலேசியாவில் 10 சதவீத விற்பனை வரி உண்டு. ரீட், பேரல், மவுத்பீஸ் எல்லாம் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வரும். பணம் கட்டும் பக்கத்திலேயே சேர்த்துவிடுவார்கள். 500 ரிங்கிட்டுக்கு மேல் போனால் சுங்கத் துறையின் இறக்குமதி விதிகள் தனி. விற்பவர் சொல்லும் விலையில் அது அடங்கியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

பெயர் தெரியாத புதுக் கருவியைவிட, பெயர் தெரிந்த நிறுவனத்தின் பழைய மாணவர் மாடல் பெரும்பாலும் நல்ல தேர்வு. நேரில் பார்த்து வாங்கினால் இவற்றைச் சோதியுங்கள்:

- மேல் பாகத்தின் கீழ் முனையையும் துளைகளையும் உள்ளங்கை, விரல்களால் மூடி மேல் முனையில் லேசாக ஊதுங்கள். காற்று கசிந்தால் பேட் மாற்ற வேண்டியிருக்கும்.
- மரக் கருவி என்றால் மேல் பாகத் துளைகளை ஒட்டி முடி போன்ற கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.
- சாவிகளை அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் தேய்ந்திருக்கிறது.
- இணைப்புக் கார்க் கிழிந்திருந்தால் பயப்பட வேண்டாம், மாற்றுவது சுலபம். விலை குறைக்கச் சொல்லுங்கள்.

பழுது பார்க்க ஈப்போவோ கோலாலம்பூரோ போக வேண்டியிருந்தால், பஸ் கட்டணத்தையும் விடுமுறை நாளையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மலையில் எப்படிப் பாதுகாப்பது?

இங்கே பெரிய எதிரி ஈரம். வாசித்து முடித்ததும் துணியை உள்ளே விட்டு இழுத்துத் துடைக்காமல் பெட்டியை மூடவே கூடாது. பேட்களில் மெல்லிய தோலும் கம்பளியும் இருக்கும், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடலாம். பிளாஸ்டிக் கருவிக்குத் தாராளமாக, மரக் கருவிக்கு அளவோடு. மரம் ஒரேயடியாக உலர்ந்தாலும் விரிசல்தான்.

குளிர் நேரத்தில் ஊதுவதற்கு முன்னால் மேல் பாகத்தைச் சட்டைக்குள்ளோ கைக்குள்ளோ சில நிமிடம் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். ஹேர் டிரையர், அடுப்புப் பக்கம் எல்லாம் வேண்டாம். தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ இறங்கும்போது கார் பின்பெட்டியில் வெயிலில் விட்டுவிடாதீர்கள். மலையில் 18 டிகிரியில் இருந்த கருவி, கீழே மூடிய காருக்குள் பல மடங்கு சூட்டைச் சந்திக்கும்.

அப்ப, எதைத்தான் வாங்குறது?

தானா ராத்தாவில் இருந்துகொண்டு முதல் கருவி வாங்குகிறீர்கள், கோயிலிலும் பஞ்சராகத்திலும் வாசிக்க ஆசை என்றால் வரிசை இப்படி இருக்கலாம்: ஏபிஎஸ் உடல், 17 சாவி, திறந்த துளை உள்ள பெயர் பெற்ற நிறுவனத்தின் பி ஃபிளாட் மாணவர் மாடல், பழையதாக இருந்தாலும் சரி. அதற்கு ஒரு நல்ல மவுத்பீஸ். பிறகு நீளம் குறைந்த பேரல். மிச்சப் பணத்தைப் பாட்டு வகுப்புக்கு வையுங்கள். மரக் கருவியைப் பற்றி இரண்டு வருடம் கழித்து, உங்கள் காது கேட்கும்போது யோசிக்கலாம்.

தயாரிப்பாளர்கள் வருடா வருடம் புது மாடல் விடுவார்கள், அது அவர்கள் தொழில். பள்ளியில் கருவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் எப்போது என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு ஆறு மாதம் முன்பே வீட்டில் பேச்சை ஆரம்பித்துவிடுங்கள். இடையில் ஒரு வருடம் விட்டுவிட்டால், திரும்ப எடுக்கும்போது விரலைவிட உதடுதான் முதலில் மறந்திருக்கும்.